பேஸ்பாலில் .300 அடிப்பவர்கள் எங்கே போனார்கள்?

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீகில் இரண்டு லீகுகள் உண்டு. 2025-இல் அவற்றில் ஒன்றான நேஷனல் லீகில், அதிக சராசரிக்கான பேட்டிங் பட்டம் வென்றவர் பிலடெல்ஃபியா அணியின் ட்ரே டர்னர். அவருடைய சராசரி .304. அந்த லீகில் அந்த ஆண்டு .300-ஐத் தாண்டியவர் அவர் ஒருவர்தான். 1930-இல் இதே லீகில் ஆடிய அத்தனை பேரையும், பேட் பிடிக்கத் தடுமாறிய பிட்சர்களையும் (பந்தெறிபவர்களையும்) சேர்த்தே கணக்குப் போட்டால் வந்த சராசரி .303. இன்றைய சாம்பியன் அடிப்பதை அன்றைக்கு ஊரே அடித்துக்கொண்டிருந்தது.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். பேஸ்பாலில் சராசரிக்கும் ரன்னுக்கும் சம்பந்தம் இல்லை. பேட்டர் களத்தில் அடித்து, அவுட் ஆகாமல் பேஸைத் (ஓடித் தொட வேண்டிய நான்கு மூலைகளில் ஒன்றை) தொட்டால் அது ஒரு ஹிட். ஹிட்களை வாய்ப்புகளால் வகுத்தால் சராசரி. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் என்றால் .300, அது நல்ல ஆட்டக்காரரின் அடையாளம். பிட்சர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் எறிந்து, பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போனால் அது ‘வாக்’. வாக் இந்தக் கணக்கில் ஹிட்டாகவும் சேராது, வாய்ப்பாகவும் சேராது. இந்த விடுபடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மேஜர் லீக் முழுவதற்குமான சராசரி ஒரே நேர்கோட்டில் விழவில்லை. 1968-இல் .237 வரை இறங்கியது. பயந்துபோன நிர்வாகம் அடுத்த ஆண்டே பிட்சர் நின்று எறியும் மேட்டை 38 சென்டிமீட்டரிலிருந்து 25 சென்டிமீட்டராகத் தாழ்த்தியது, எறியும் பந்து செல்லுபடியாகும் ‘ஸ்ட்ரைக்’ எல்லையையும் சுருக்கியது. சராசரி எழுந்துகொண்டது. 2000-இல் .270. அப்புறம் மறுபடி இறக்கம்: 2022-இல் .243. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி, அந்த ஆண்டிலிருந்துதான் இரண்டு லீகிலும் பிட்சர்கள் பேட் செய்வதே நின்றது. பத்துக்கு ஒன்று அடிக்கவே தடுமாறியவர்களை வரிசையிலிருந்து எடுத்தும் சராசரி ஏறவில்லை என்றால், வேறெங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது.

‘இந்தக் காலத்துப் பசங்களுக்கு அடிக்கத் தெரியவில்லை’ என்று பழைய ரசிகர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. அவர்கள் உதாரணம் காட்டுவது எப்போதும் பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸ். 1941 பருவத்தின் கடைசி நாள் காலையில் அவர் சராசரி .39955. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் .400 என்று முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். அவர் அன்றைய இரண்டு ஆட்டங்களிலும் இறங்கி, எட்டில் ஆறு ஹிட் அடித்து .406-இல் முடித்தார். அதற்குப் பிறகு நேஷனல், அமெரிக்கன் லீகுகளில் ஒருவரும் .400-ஐத் தொட்டதில்லை. இதற்குத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் சொன்ன விளக்கம் அழகானது: பெரும்பாலான பத்தாண்டுகளில் லீக் சராசரி .260-ஐ ஒட்டியே இருந்தது. மாறியது வீரர்களுக்கு இடையிலான இடைவெளி. எல்லோருடைய தரமும் உயர உயர, மிக மோசமானவர்கள் காணாமல் போனார்கள். அதே காரணத்தால் மற்றவர்களை விட்டு வெகுதூரம் விலகி நின்ற உச்ச ஆட்டக்காரர்களும் காணாமல் போனார்கள். ஆக, .400 மறைந்தது ஆட்டம் முன்னேறியதன் அறிகுறி. ஆனால் இது உச்சம் ஏன் குறைந்தது என்பதற்கான பதில்தான். நடுக்கோடான லீக் சராசரியே கீழே வந்தது தனிக்கதை.

அந்தக் கதைக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழுகிற பந்துகளை மட்டும் (எல்லைக்கு வெளியே பறக்கும் ஹோம் ரன்களைத் தள்ளிவிட்டு) எடுத்துக்கொண்டால், அவற்றில் ஹிட் ஆகிறவை பத்துக்கு ஏறக்குறைய மூன்று. இந்த எண் பல ஆண்டுகளாகப் பெரிதாக அசையவில்லை. 2000-ஐ ஒட்டிய காலத்தில் 100 வாய்ப்பில் சுமார் 19 ஸ்ட்ரைக் அவுட்டில் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து, பந்தைக் களத்தில் அடிக்காமலே அவுட் ஆவதில்) போயின. மூன்று ஹோம் ரன் என்று வைத்தால் மீதி 78 பந்துகள் களத்தில் விழும். அதில் 23 ஹிட், கூட மூன்று, மொத்தம் 26 சொச்சம். இப்போது ஸ்ட்ரைக் அவுட் 25. மீதி 72 பந்தில் 21 ஹிட், கூட மூன்று, 24 சொச்சம். வந்துவிட்டது .240. அடிபட்ட பந்தின் பலன் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. அடிபடாமல் போகும் பந்துதான் கூடிவிட்டது. 2018-இல் மேஜர் லீக் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு பருவத்தின் ஸ்ட்ரைக் அவுட்கள் ஹிட்களை மிஞ்சின.

ஏன் பந்து பேட்டில் படவில்லை? பிட்சர் மேட்டிலிருந்து, பேட்டர் அருகே நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். கையை நீட்டி அவர் பந்தை விடும்போது மிச்சம் இருப்பது சுமார் பதினேழு மீட்டர். மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 0.4 நொடி. பேட்டைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 நொடி வேண்டும். ஆக, பந்து பாதி வழி வருவதற்குள் அடிப்பதா விடுவதா, எங்கே அடிப்பது என்று மூளை முடிவெடுத்தாக வேண்டும். மீதிப் பாதியைப் பேட்டர் பார்ப்பதில்லை, ஊகிக்கிறார்.

அந்த ஊகத்தைத்தான் இன்றைய பிட்சர்கள் குறிவைக்கிறார்கள். 0.4 நொடியில் புவியீர்ப்பு ஒரு பந்தை 75 சென்டிமீட்டருக்கு மேல் இழுத்துவிடும். வேகப்பந்து பின்சுழற்சியோடு வருகிறது, நிமிடத்துக்கு 2,300 சுற்று அளவில். சுழலும் பந்து காற்றைக் கீழே தள்ள, காற்று அதை மேலே தூக்குகிறது. இதன் பெயர் மேக்னஸ் விளைவு. இதனால் சாதாரண வேகப்பந்து விழ வேண்டியதைவிட சுமார் 40 சென்டிமீட்டர் குறைவாக விழுகிறது. பேட்டர் வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகியது இந்த 40-ஐ. ஒரு பிட்சர் அதை 48 ஆக்கினால்? பேட்டின் தடித்த பகுதியின் விட்டமே அதிகபட்சம் 6.6 சென்டிமீட்டர்தான். எட்டு சென்டிமீட்டர் பிசகினால் பேட் பந்துக்குக் கீழே காற்றை வெட்டும். ‘பந்து எழும்பியது’ என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். எழும்பவில்லை, எதிர்பார்த்த அளவுக்கு விழவில்லை, அவ்வளவுதான்.

முன்பு இதெல்லாம் கைப்பக்குவம். இப்போது ரேடாரும் நொடிக்கு நூற்றுக்கணக்கான படம் எடுக்கும் கேமராக்களும் ஒவ்வொரு பந்தின் சுழற்சியையும் அச்சையும் அளந்து சொல்கின்றன. மேஜர் லீகில் 2020 முதல் பந்தைப் பின்தொடர்வது ஹாக்-ஐ. எல்பிடபிள்யூ முறையீடுகளில் நாம் பார்க்கும் அதே ஹாக்-ஐ. பிட்சர் விரலைக் கொஞ்சம் நகர்த்திப் பிடித்து எறிகிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி எறிகிறார். யாரும் எதிரே இல்லாத கூடத்தில் இப்படி ஆயிரம் முறை ஒத்திகை பார்க்கலாம். பேட்டருக்கு அந்த வசதி குறைவு, ஏனென்றால் அவர் செய்வது எதிர்வினை. வேகமும் ஏறிவிட்டது: 2008-இல் வேகப்பந்தின் சராசரி மணிக்கு 148 கி.மீ. அளவில் இருந்தது, இன்று 151-152. போதாக்குறைக்கு, ஒரே பிட்சர் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் எறிந்த காலம் போய்விட்டது. ஒரே ஆளை மூன்றாம் முறை சந்திக்கும்போது பேட்டர்கள் நன்றாக அடிப்பார்கள் என்று அணிகளுக்குத் தெரியும். அந்த மூன்றாம் சந்திப்பு வருவதற்குள் களைப்பில்லாத இன்னொருவரை இறக்கிவிடுகிறார்கள்.

பழியை முழுக்கப் பிட்சர்கள்மீது போடவும் முடியாது. பேட்டர்கள் தெரிந்தேதான் சராசரியை விட்டுக்கொடுத்தார்கள். 2023-இல் பிலடெல்ஃபியாவின் கைல் ஷ்வார்பர் அடித்த சராசரி .197. ஸ்ட்ரைக் அவுட் 215 முறை. பழைய காலமாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவர் 47 ஹோம் ரன் அடித்தார், 126 முறை வாக் வாங்கினார். அணி அவரைப் பெரும்பாலும் வரிசையின் முதல் ஆளாகவே இறக்கியது. சராசரி என்ற எண்ணுக்கு அந்த 126 வாக்கும் கண்ணில் படாது. ஒற்றை பேஸ் ஹிட்டும் ஹோம் ரன்னும் அதற்கு ஒன்றே. ரன் கணக்கில் பார்த்தால் ஒரு ஹோம் ரன், ஒரு சாதாரண ஹிட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெறும். ஸ்ட்ரைக் அவுட்டோ மற்ற அவுட்களைவிடக் கொஞ்சம்தான் மோசம். தரையில் உருட்டி ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் ஆவதற்கு அது எவ்வளவோ தேவலை. இந்தக் கணக்கு எல்லா அணிகளுக்கும் புரிந்த பிறகு, பேட்டை மேல்நோக்கி வீசித் தூக்கி அடிப்பதே வழக்கமாயிற்று. 1941-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் ஜோ டிமாஜியோ பருவம் முழுவதும் 13 முறைதான் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். இன்று அதைச் சிலர் இரண்டு வாரத்தில் முடித்துவிடுகிறார்கள், யாரும் வெட்கப்படுவதில்லை.

2023-இல் நிர்வாகம் மறுபடி தலையிட்டது. பேட்டர் வழக்கமாக அடிக்கும் பக்கத்தில் ஃபீல்டர்களைக் குவிக்கும் ‘ஷிஃப்ட்’ உத்திக்குத் தடை. உள்களத்தின் நான்கு ஃபீல்டர்களும் இரண்டாம் பேஸின் இருபுறமும் இருவர் இருவராக நின்றாக வேண்டும். சராசரி .248-க்கு ஏறியது. மறு ஆண்டே .243-க்குத் திரும்பியது. வியப்பில்லை: அந்தத் தடை களத்தில் விழும் பந்துக்குத்தான் உதவும், பேட்டில் படாத பந்துக்கு அது என்ன செய்யும்?

அதைத் தொடக்கூடிய ஒரு விதி வரலாற்றில் உண்டு. 1893-இல் பிட்சரை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். நேஷனல் லீக் சராசரி .245-இலிருந்து .280-க்கும், அடுத்த ஆண்டு .309-க்கும் பாய்ந்தது. அன்று வைத்த தூரம்தான் இன்றைய 18.44 மீட்டர். 2021-இல் அட்லாண்டிக் லீக் என்ற சிறிய லீகில் மேட்டை இன்னும் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர், பின்னால் நகர்த்திப் பார்த்தார்கள். அந்தப் பருவத்தின் பின்பாதியில் மட்டும் நடந்த சோதனை அத்தோடு முடிந்தது. மேஜர் லீகில் அந்தத் தூரத்தில் இதுவரை யாரும் கை வைக்கவில்லை.