என்.ஏ. எப்படி 0 ஆனது? ஒரே நிரல், மூன்று சில்லு, மூன்று விடை

பொது சுகாதாரத் துறையில் ஆய்வு செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இன்டெல் சில்லு உள்ள பழைய மடிக்கணினியில் ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில் எழுதி, வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்த நிரலைப் புதிதாக வாங்கிய ஆப்பிள் எம்1 கணினியில் ஓட்டியிருக்கிறார். தரவு அதேதான், நிரலிலும் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் வயது தெரியாதவர்களுக்கு என்.ஏ., அதாவது 'தகவல் இல்லை', என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் 0 வந்து நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. "கணக்கு எல்லாக் கணினிக்கும் ஒன்றுதானே, அப்புறம் எப்படி விடை மாறும்?" என்பது அவர் கேள்வி.

நல்ல கேள்வி. கணக்கு ஒன்றுதான். ஆனால் கணக்கு முறிந்துபோகும் இடத்தில் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு சில்லும் தன் போக்கில் முடிவு செய்துகொள்கிறது. புள்ளியியல் மென்பொருளை ஒரே வகைக் கணினியில் மட்டும் சோதித்தால் போதாது என்று சொல்வதற்குக் காரணமே அந்த இடங்கள்தான்.

முதலில் எல்லோருக்கும் ஓரளவு தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். தசம எண்ணை 64 பிட்டுக்குள் (0 அல்லது 1 ஆன 64 இலக்கங்களுக்குள்) அடைக்கும்போது கடைசி இலக்கங்கள் வெட்டுப்படும். அதனால்தான் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் துல்லியமாக 0.3 வருவதில்லை. இந்த வெட்டு எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பதற்காக 1985-இல் ஐ.இ.இ.இ. 754 என்ற தரம் வந்தது, அதற்குப் பெரிதும் உழைத்த வில்லியம் கஹானுக்கு 1989-இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது கிடைத்தது. ஒரு கூட்டல், ஒரு பெருக்கல் என்று தனித்தனியாகப் பார்த்தால் இன்று எல்லாச் சில்லும் ஒரே விடையைத்தான் தருகின்றன.

ஆனால் இன்டெல் 1980-இல் கொண்டுவந்த 8087 சில்லு உள்ளுக்குள் 80 பிட்டில் கணக்குப் போட்டது. அந்த வசதி இன்றுவரை இன்டெல் வகைச் சில்லுகளில் இருக்கிறது, ஆர் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆரின் கூட்டுத்தொகைச் செயற்கூறுக்கு மூன்று எண்களைக் கொடுத்துப் பாருங்கள்: 10-இன் 16ஆம் அடுக்கு, 1, அப்புறம் அதே பெரிய எண்ணின் எதிர்மறை. இன்டெல்லில் விடை 1. ஆப்பிள் சில்லில் விடை 0. அவ்வளவு பெரிய எண்ணோடு 1-ஐக் கூட்டினால் 64 பிட்டுக்குள் அந்த 1-க்கு இடமில்லை, 80 பிட்டில் இருக்கிறது. இதில் இன்னொரு சங்கதி, ஆப்பிள் எம்1 ஏஆர்எம் என்ற சில்லு வகையைச் சேர்ந்தது, ஆனால் லினக்ஸ் ஓடும் 64 பிட் ஏஆர்எம் கணினியில் இதே வேலைக்கு 128 பிட் எண்ணை மென்பொருள் வழியாகப் பயன்படுத்துவதால் அங்கே மறுபடியும் 1 வரும். ஆகவே 'ஏஆர்எம்மில் இப்படி, இன்டெல்லில் அப்படி' என்று ஒரே வரியில் சொல்லிவிடவும் முடியாது.

இதெல்லாம் பெரும்பாலும் பதினைந்தாவது இலக்கத்துக்கு அப்பால் நடக்கும் சண்டை. இரண்டு விடை 'கிட்டத்தட்ட' சமமா என்று பார்க்க ஆரில் வழி இருக்கிறது, இயல்பாக அது ஏறக்குறைய 0.000000015 அளவு விலகலைப் பொறுத்துக்கொள்ளும். சோதனையைத் துல்லியச் சமம் என்று எழுதாமல் இப்படி எழுதினால் பாதித் தலைவலி தீர்ந்தது. பல மாறிகளைச் சில கூறுகளாகச் சுருக்கும் முதன்மைக் கூறுப் பகுப்பாய்வில் ஒரு கணினியில் எல்லா எண்ணும் நேர்க்குறியோடும் இன்னொன்றில் எதிர்க்குறியோடும் வருவதும் உண்டு, இரண்டும் சரியான விடைதான், சோதனை எழுதுகிறவர் அதற்கு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசகரின் 0 இந்த வகையே இல்லை. அது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆரில் 'தகவல் இல்லை' என்பதைக் குறிக்க என்.ஏ. இருக்கிறது. ஆனால் கணினியின் நினைவகத்தில் காலியிடம் என்று ஒன்று கிடையாது, ஏதாவது ஒரு பிட் வரிசை இருந்தே ஆக வேண்டும். முழு எண்களுக்கு ஆர் 32 பிட் வைத்திருக்கிறது, அதில் -2147483648 முதல் 2147483647 வரை எழுதலாம். ஆரை உருவாக்கியவர்கள் அந்த வரிசையின் அடிமட்ட எண்ணான -2147483648-ஐ எடுத்து, "இது இனி எண் இல்லை, இதுதான் என்.ஏ." என்று வைத்துவிட்டார்கள். தசம எண்களுக்கு வேறு ஏற்பாடு. ஐ.இ.இ.இ. தரத்தில் 'எண் அல்லாதது' என்பதற்கு நேன் என்ற ஒரு வகை மதிப்பு உண்டு. 0-ஐ 0-ஆல் வகுத்தால் வருவது அதுதான். நேனுக்குள் வேறு பயன் இல்லாத பிட்டுகள் நிறைய இருப்பதால் அதன் கீழ்ப்பாதியில் 1954 என்ற எண்ணை எழுதி வைத்தார்கள். நேன் என்றால் சும்மா நேன், உள்ளே 1954 இருக்கும் நேன் என்றால் என்.ஏ.!

இப்போது ஒரு பேக்கேஜுக்குள் (பிறர் எழுதி, நாம் ஆரில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) இருக்கும் சி மொழி நிரல் தசம எண்ணாக வந்த வயதை முழு எண்ணாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சியில் இது அரை வரி வேலை: மாறிக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'இன்ட்' என்று எழுதினால் தீர்ந்தது. 34.0 வந்தால் 34. ஆனால் என்.ஏ. வந்தால்? அது நேன், அதற்கு நிகரான முழு எண் எதுவும் கிடையாது. சி மொழியின் விதிமுறை இந்த இடத்தில் "என்ன ஆகும் என்று நான் சொல்லமாட்டேன்" என்று கைவிரித்துவிடுகிறது. ஐ.இ.இ.இ. தரம் 'செல்லாத செயல்' என்று ஒரு கொடியை உயர்த்தச் சொல்கிறது, விடையாக எந்த எண்ணைத் தருவது என்று கட்டாயப்படுத்தவில்லை. அதனால் முடிவு சில்லின் கைக்குப் போகிறது.

இன்டெல் வகைச் சில்லுகள் இந்த மாதிரி இடத்தில் எப்போதும் ஒரே எண்ணைத் தரும்: -2147483648. ஆம், ஆர் என்.ஏ.வுக்கு ஒதுக்கிய அதே எண்! தசம என்.ஏ. உள்ளே போய், தவறான மாற்றத்தில் சிக்கி, முழு எண் என்.ஏ.வாக வெளியே வருகிறது. நிரல் எழுதியவர் என்.ஏ.வை நினைத்தே பார்த்திருக்க மாட்டார், ஆனால் நிரல் சரியாக நடந்துகொள்கிறது. இருபது வருடம் இப்படியே ஓடலாம்.

ஏஆர்எம் சில்லுக்கு வேறு கொள்கை. எல்லையைத் தாண்டிய எண் வந்தால் எல்லையிலேயே நிறுத்தும், நேன் வந்தால் 0 தரும். இதுவும் நியாயமான கொள்கைதான். ஒலியையும் படத்தையும் கையாளும்போது மதிப்பு எல்லை மீறினால் உச்சத்திலேயே நின்றுகொள்வது நல்லது. ஆனால் நம் வாசகரின் என்.ஏ. 0 ஆனது இங்கேதான். 300 கோடி என்ற எண்ணை இப்படி மாற்றினாலும் இதே கதை: இன்டெல்லில் என்.ஏ., ஏஆர்எம்மில் 2147483647.

மூன்றாவதாக ரிஸ்க்-ஃபைவ். 2010-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தொடங்கிய, யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த சில்லுக் கட்டமைப்பு இது, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி சில்லுகளும் இதையே பின்பற்றுகின்றன. ரிஸ்க்-ஃபைவில் நேனை முழு எண்ணாக மாற்றினால் 2147483647 வரும்.

ஐந்து பேரின் வயது 34, 51, தெரியவில்லை, 28, 47 என்று இருக்கட்டும். என்.ஏ.வை ஒதுக்கிவிட்டுச் சராசரி எடுத்தால் இன்டெல்லில் 40. ஏஆர்எம்மில் 0-வும் ஒரு ஆளாகக் கணக்கில் சேர்ந்து 32. ரிஸ்க்-ஃபைவில் சராசரி வயது 42 கோடியே 94 லட்சத்துச் சொச்சம். மூன்றில் எதற்கு நான் அதிகம் பயப்படுவேன் என்றால், அந்த 32-க்குத்தான். 42 கோடி வயதை யாரும் நம்ப மாட்டார்கள், உடனே பிழையைத் தேடத் தொடங்குவார்கள். 32 நம்பும்படியாக இருக்கிறது, அட்டவணையில் ஏறி, கட்டுரையில் அச்சாகிவிடும். இன்டெல்லின் 40 சரியான விடை, ஆனாலும் தற்செயலாகச் சரி.

ரிஸ்க்-ஃபைவ் இன்னொன்றையும் அம்பலப்படுத்துகிறது. என்.ஏ.வோடு 1-ஐக் கூட்டினால் இன்டெல்லும் ஏஆர்எம்மும் சாதாரணமாக உள்ளே இருக்கும் 1954-ஐ அப்படியே விடைக்கும் கடத்திவிடும், ஆகவே விடையும் என்.ஏ. ரிஸ்க்-ஃபைவ் சில்லோ, நேன் வந்தால் அதன் உள்ளடக்கத்தைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு அச்சடித்த நேனை மட்டும் தரும். 1954 போய்விட்டது, 'தகவல் இல்லை' என்பது 'எண் அல்ல' என்றாகிவிட்டது. இன்டெல்லிலேயே கூட என்.ஏ.வையும் நேனையும் ஒன்றோடொன்று கூட்டும்போது எது முதலில் இருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறக்கூடும், ஆரின் ஆவணத்திலேயே இதற்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிக்க முக்கியமான வழி, நிரலை விதவிதமான கணினிகளில் ஓட்டுவது. ஆர் பேக்கேஜ்களின் களஞ்சியமான க்ரான் 1997-இல் வியன்னாவில் 12 பேக்கேஜ்களோடு தொடங்கியது, இப்போது 20,000-ஐத் தாண்டிவிட்டது. அவற்றை விண்டோஸ், இரண்டு விதமான லினக்ஸ், இன்டெல் மேக், ஆப்பிள் சில்லு மேக் என்று பல சூழல்களில் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த பிரையன் ரிப்ளி இதற்கு மேல் கூடுதல் சோதனைகள் நடத்தி வருகிறார். 80 பிட் வசதியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது அதில் ஒன்று. சோதனையில் தோற்றால் ஆசிரியருக்குக் கெடுவோடு மின்னஞ்சல் வரும், அதற்குள் சரிசெய்யாவிட்டால் பேக்கேஜ் களஞ்சியத்திலிருந்து கீழே இறங்கும். கடுமைதான். அந்தக் கடுமை இல்லாவிட்டால் நம் சராசரிகளை நம்ப முடியாது என்பது என் கட்சி.

டெபியன் லினக்ஸ் குழு இன்னும் அகலமாகப் போகிறது. ஐ.பி.எம். பெருங்கணினிகளின் எஸ்390எக்ஸ் கட்டமைப்பிலும் ஆர் பேக்கேஜ்களைக் கட்டிப் பார்க்கிறார்கள். அதில் பைட்டுகள் தலைகீழ் வரிசையில் இருக்கும். இரண்டு பைட்டில் எழுதினால் 1000 என்பது 3 முறை 256-உம் மேலே 232-உம். எஸ்390எக்ஸில் நினைவகத்தில் 3 முதலில், 232 அடுத்து. நம் மேசைக் கணினிகளில் 232 முதலில். கோப்பிலிருந்து பைட்டுகளை அப்படியே அள்ளி எண்ணாக்கும் நிரல் அங்கே 1000-க்குப் பதில் 59395 என்று படிக்கும். யாரும் பெருங்கணினியில் தங்கள் பேக்கேஜை ஓட்டப் போவதில்லை என்று ஆசிரியர்கள் அலுத்துக்கொள்வதுண்டு, எனக்கு அது ஏற்பில்லை. பைட் வரிசையைப் பற்றி நிரலுக்குள் ஒளிந்திருக்கும் அனுமானம் அங்கேதான் வெளியே வருகிறது. டெபியன் 2025-இல் ரிஸ்க்-ஃபைவையும் அதிகாரப்பூர்வமாகச் சேர்த்துக்கொண்டது, ஆகவே 1954 தொலைந்துபோகும் கதையும் இனி சோதனையிலேயே தெரியவரும்.

இங்கே நிதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புதிய சில்லு செய்யப் பணம் கிடைக்கிறது, புதிய புள்ளியியல் முறை கண்டுபிடிக்கப் பணம் கிடைக்கிறது, இரண்டும் வேண்டியவையே. அந்தச் சில்லில் அந்த முறை சரியான விடை தருகிறதா என்று உட்கார்ந்து சோதிப்பவருக்கு யாரும் சம்பளம் ஒதுக்குவதில்லை. பெரும்பகுதி தன்னார்வலர்களின் தோளில் நிற்கிறது. ஆர்-ஹப் என்ற சோதனைச் சேவைக்கு ஆர் கூட்டமைப்பு நிதி கொடுத்தது போன்றவை விதிவிலக்குகள். சக்தி போன்ற சில்லுகளுக்குச் செலவிடும் நாடு, அதே திட்டத்தில் ஒரு சிறு பங்கை ஆர், பைத்தான் போன்ற அறிவியல் மென்பொருளை அதன் மேல் ஓட்டிச் சோதிக்கவும் ஒதுக்க வேண்டும். அதோடு, 'கணினி சொன்னால் தப்பாக இருக்காது' என்ற பேச்சை ஆய்வுக்கூடங்களிலும் கேட்கிறேன், படித்தவர்களின் மூடநம்பிக்கை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். எந்தச் சில்லு, எந்தப் பதிப்பு என்பதைக் கட்டுரையில் ஒரு வரி எழுதுவதில் என்ன கஷ்டம்?

சரி, வாசகர் என்ன செய்யலாம்? பிழை ஆப்பிள் கணினியில் இல்லை, பேக்கேஜில் இருக்கிறது, அதன் ஆசிரியருக்குச் சிறிய உதாரணத்தோடு எழுதுங்கள். திருத்தம் இரண்டு வரிதான்: மாற்றுவதற்கு முன் நேனா என்று பார்த்து, ஆம் என்றால் நேரடியாக முழு எண் என்.ஏ.வை எழுத வேண்டும், எல்லை மீறும் எண்ணுக்கும் அப்படியே. ஆசிரியரிடம் இன்டெல் மட்டுமே இருந்தாலும் வழி உண்டு. கியூஇமு என்ற போலிச் சில்லு மென்பொருள் ஏஆர்எம், எஸ்390எக்ஸ், ரிஸ்க்-ஃபைவ் மூன்றையும் சாதாரணக் கணினியிலேயே நடித்துக்காட்டும், மெதுவாக ஓடும், ஆனால் விடை உண்மைச் சில்லின் விடைதான். சி நிரலைச் சில்லுக்கான கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி கம்பைலரில் ஃப்ளோட்-காஸ்ட்-ஓவர்ஃப்ளோ என்ற கண்காணிப்பைப் போட்டால் இன்டெல்லிலேயே இந்த மாற்றம் மாட்டிக்கொள்ளும். பொதுவான 'வரையறுக்கப்படாத நடத்தை' கண்காணிப்பை மட்டும் போட்டால் இது அதில் சேராது, பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

உங்கள் பக்கத்தில், ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னும் பின்னும் எத்தனை என்.ஏ. இருக்கிறது என்று எண்ணி ஒப்பிடும் ஒரு வரியை நிரலில் சேர்த்துவிடுங்கள். உள்ளே 212 போய் வெளியே 0 வந்தால் நிரல் அங்கேயே நிற்கட்டும். எம்1 வாங்கிய பிறகு ஓட்டிய பழைய பகுப்பாய்வுகள் ஏதாவது இருந்தால் அவற்றையும் இந்த வரியோடு மறுபடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள், குறிப்பாக 0 வயதுக் குழந்தைகளும் இருக்கும் தரவை. அங்கே எது உண்மையான 0, எது காணாமல் போன என்.ஏ. என்று விடையைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது, மூலத் தரவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.