பூட்டுப் படம் எதற்குச் சாட்சி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் தைப்பூசக் காவடிக்குத் திருப்புகழ் பழகினார்கள். பாட்டைப் பதிவு செய்ய ஒரு மாணவியின் மடிக்கணினியில் ஆடாசிட்டி மென்பொருளை இறக்கினோம். பதிவு நன்றாகவே வந்தது. மறுநாளிலிருந்து அவள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விளம்பரம். தேடலில் முதலில் வந்த தளத்திலிருந்து எடுத்திருந்தோம். பெயரும் சின்னமும் ஆடாசிட்டியுடையவை, தளம் வேறு யாருடையதோ.

“பூட்டுப் படம் இருந்ததே, அங்கிள்” என்றாள்.

இருந்தது உண்மைதான். முகவரிப் பட்டையில் உள்ள பூட்டு, அந்த முகவரிக்கும் நமக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே சாட்சி. முகவரிக்குச் சொந்தக்காரர் நல்லவரா என்று அது பார்ப்பதில்லை. பூட்டுக்கான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. ஆடாசிட்டி திறமூல மென்பொருள், அதாவது நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பது. அதன் உரிமமோ, யார் வேண்டுமானாலும் நகலெடுத்துப் பகிரலாம் என்கிறது. அதனால் நகல் தளம் நடத்துவதே குற்றமாகாது. பெயரையும் சின்னத்தையும் காட்டி ஏமாற்றினால் வணிகச்சின்னச் சட்டத்தை நாடலாம், ஆனால் அதற்கு நாளும் பணமும் வேண்டும்.

கைக்கு வந்த கோப்பு அசல்தானா என்று நாமே சோதிக்க ஒரு கணக்கு இருக்கிறது. பெயர் ஷா-256. எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 64 குறிகள் கொண்ட ஒரு சரத்தைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினாலும் விடையின் 256 பிட்டுகளில் ஏறக்குறையப் பாதி புரண்டுவிடும். அதே விடை வருகிற வேறொரு கோப்பைச் செய்ய இன்றுவரை யாருக்கும் வழி தெரியவில்லை. விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கில் இந்தக் கணக்கைப் போடலாம்.

சரி, ஒப்பிடுவதற்கான அசல் சரம் எங்கே இருக்கிறது? அதே தளத்தில் என்றால் அங்கேதான் ஆபத்து. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை, அந்நியர் ரகசியமாக உள்ளே நுழையப் பின்கதவு வைத்த நகலுக்குத் திருப்பிவிட்டார்கள். இணைப்பை மாற்ற முடிந்தவருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் சரத்தை மாற்றுவது பெரிய வேலையா?

அதனால்தான் கையொப்பம் தேவைப்படுகிறது. மென்பொருளை எழுதுபவர்களிடம் இரண்டு சாவிகள் உண்டு. ரகசியச் சாவியால் கோப்பின் மேல் மின்னணுக் கையொப்பமிடுவார்கள். அந்தச் சாவி தளத்தில் இருக்காது. பொதுச் சாவியை எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். அதைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கலாம், புதிதாகப் போட முடியாது.

நம் நாட்டுக்காரர் மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய உபுண்டு என்ற இயங்குதளம் இந்தச் சரிபார்ப்பைத் தானாகவே செய்கிறது. பக்கத்து வீட்டு ஜூலுக்காரர்களின் சொல்தான் அந்தப் பெயர். உபுண்டுவின் பொதுச் சாவி நிறுவும்போதே கணினிக்குள் வந்துவிடும். உபுண்டு தன் மென்பொருள்களை வைத்திருக்கும் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொரு பொதிக்கும் (மென்பொருள் கட்டுக்கும்) ஷா-256 சரம் பட்டியலில் இருக்கும், பட்டியலின் மேல் கையொப்பம் இருக்கும். இரண்டில் எது பொருந்தாவிட்டாலும் கணினி எச்சரித்து நிறுத்திவிடும்.

மாணவியின் மடிக்கணினியைத் துடைத்து, ஆடாசிட்டிடீம் டாட் ஆர்க் என்ற முகவரியை அவளையே தட்டச்சு செய்யச் சொல்லி மறுபடி இறக்கினோம். வகுப்புக் கணினியில் உபுண்டு போட்டு, ஆடாசிட்டியை அதன் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொண்டோம்.