தண்ணீர்ப் பங்கீடு: முதலில் மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கோலாலம்பூரில் சாயங்காலம் மழை கொட்டும். வீட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. 2014-இல் அதுதான் நடந்தது. பிப்ரவரி கடைசியில் தொடங்கிய பங்கீடு மார்ச்சில் விரிந்தது: இரண்டு நாள் வரும், இரண்டு நாள் வராது. ஏப்ரலில் நகரத்தில் நல்ல மழை பெய்தும் பங்கீட்டை உடனே நிறுத்தவில்லை. காரணம் எளிது. நகருக்குள் இருக்கும் செந்தூலில் பெய்யும் மழை சாக்கடை வழியாகக் கடலுக்குப் போகிறது. கோல குபு பாரு பக்கத்து மலைகளில் பெய்தால்தான் சுங்கை சிலாங்கூர் அணைக்கட்டில் ஏறும். வானத்தைப் பார்த்து "நாளைக்கு வந்துவிடும்" என்று பக்கெட்டைக் காலி செய்தவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். பார்க்க வேண்டியது அணை மட்டம். சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸ் அதைத் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது.

பினாங்கில் கணக்கே வேறு. அங்கே வறட்சி பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில். குழாய்க்கு வரும் தண்ணீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு கெடாவிலிருந்து வருவதால், பினாங்குக்காரர் கெடாவின் மழையையும் கவனித்தாக வேண்டும். ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங், மெங்குவாங் அணைகள் இருக்கின்றன. ஆனால் ஆயர் ஈத்தாம் அணை சிறியது, சீக்கிரம் இறங்கிவிடும். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கிலோ பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை வறண்ட காலம் வரலாம். ஆகவே பினாங்கில் இருக்கும் மாமா "இங்கே ஒரு பிரச்சினையும் இல்லையே" என்று சொல்வதை வைத்து செராஸில் முடிவெடுக்காதீர்கள்.

பார்க்க வேண்டியதை விட்டு வேறொன்றைப் பார்க்கும் இதே குழப்பம் வெப்ப எச்சரிக்கையிலும் உண்டு. கைப்பேசி செயலி "42 டிகிரி போல உணர்கிறது" என்று காட்டுவதை வைத்து, பிள்ளைகளை வெயிலில் விடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டால் எடுபடாது. வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் பதிவு செய்யும் அதிகபட்ச வெப்பம்தான் கணக்கு, அதுவும் தொடர்ந்து மூன்று நாள். 35 முதல் 37 டிகிரி முதல் நிலை, 37 முதல் 40 வரை இரண்டாம் நிலை, 40-க்கு மேல் மூன்றாம் நிலை.

இனி தண்ணீர். சட்டப் பின்னணி இவ்வளவு போதும்: 2006-ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டம், அதாவது சட்டம் 655. மேற்பார்வை பார்ப்பது ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். கோலாலம்பூர், சிலாங்கூர், புத்ராஜெயாவுக்கு விநியோகிப்பது ஆயர் சிலாங்கூர். மீதி எல்லாம் உங்கள் மீட்டரைப் பொறுத்தது.

மீட்டருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

மீட்டர் வரைக்கும் தண்ணீர் கொண்டுவருவது நிறுவனத்தின் வேலை. மீட்டரைத் தாண்டிய குழாய், தொட்டி, பம்ப் எல்லாம் கட்டட உரிமையாளரின் வேலை. தரைவீட்டுக்காரருக்கு இதில் சிக்கல் இல்லை. மீட்டர் வாசலிலேயே இருக்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அங்கே பல இடங்களில் முழுக் கட்டடத்துக்கும் கேட் ஓரத்தில் ஒரே மொத்த மீட்டர். உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சின்ன மீட்டர், நிர்வாகம் தன் வசதிக்காக வைத்தது. நிறுவனத்தின் கணக்கில் உங்கள் பெயரே கிடையாது.

விளைவு என்ன? அட்டவணையில் "காலை 6 மணிக்குத் தண்ணீர் வரும்" என்று இருக்கும். மதியமாகியும் பத்தாவது மாடியில் வராது. நிறுவனத்துக்கு அழைத்தால் "உங்கள் பகுதிக்குத் தண்ணீர் திறந்தாகிவிட்டது" என்பார்கள். நிர்வாக அலுவலகத்தில் கேட்டால் "இன்னும் திறக்கவில்லை" என்பார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. தெருக் குழாயில் வந்த தண்ணீர் முதலில் கீழே இருக்கும் உறிஞ்சு தொட்டியில் நிரம்ப வேண்டும், பிறகு பம்ப் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும், அதற்கப்புறம்தான் மேலிருந்து வீடுகளுக்கு இறங்கும். சில மணி நேரம் பிடிக்கும். உறிஞ்சு தொட்டி வறண்டபோது, பம்ப் எரியாமல் இருக்க அதன் பாதுகாப்பு சுவிட்ச் அதை நிறுத்தியிருக்கும். சில கட்டடங்களில் அதை மறுபடி கையால்தான் போட வேண்டும். பம்ப் அறைச் சாவி மேனேஜரிடம், மேனேஜர் வீட்டில், நேரம் விடியற்காலை 3 மணி. இதற்கு எந்த அணைக்கட்டும் பொறுப்பில்லை.

இந்த அலைச்சலைக் கால் மணி நேரத்தில் முடிக்க வழி இருக்கிறது. கேட் ஓரத்து மொத்த மீட்டருக்குப் போங்கள். எண் தெரியும்படி ஒரு படம், பத்து நிமிடம் கழித்து இன்னொரு படம். எண் ஏறியிருந்தால், அல்லது முகப்பில் இருக்கும் சின்னச் சக்கரம் சுற்றினால், தண்ணீர் வந்துவிட்டது. இனி பேச வேண்டியது நிர்வாகத்திடம். அசையவில்லை என்றால், உறிஞ்சு தொட்டி ஏற்கெனவே நிரம்பி மிதவை வால்வு மூடிவிட்டதா என்று காவலாளியிடம் கேளுங்கள். தொட்டியும் காலி, மீட்டரும் அசையவில்லை என்றால் ஆயர் சிலாங்கூரின் 15300-க்கு அழைத்து அந்த மொத்த மீட்டரின் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள். உங்கள் யூனிட் எண்ணைச் சொன்னால் கணினியில் ஒன்றும் வராது. அங்கேதான் பாதி அழைப்புகள் வீணாகின்றன. அந்தக் கணக்கு எண்ணைப் பங்கீடு தொடங்கும் முன்பே நிர்வாகத்திடம் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பம்ப் அறைச் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதையும் சேர்த்து.

நிர்வாகம் மசியவில்லையா? பொதுச் சொத்தைப் பராமரிப்பது அவர்களின் கடமை என்று அடுக்குமாடிகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் சொல்கிறது. பம்பும் தொட்டியும் பொதுச் சொத்து. முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கத்துவது எழுத்தில் கொடுத்ததாக ஆகாது. பிறகு கட்டட ஆணையர். அந்தப் பிரிவு அந்தந்த மாநகர மன்றத்தில் இருக்கிறது: கோலாலம்பூரில் டி.பி.கே.எல்., பினாங்குத் தீவில் எம்.பி.பி.பி., செபராங் பிறையில் எம்.பி.எஸ்.பி. பண நட்டம் இருந்தால் 2,50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்தில் கோரலாம். டி.பி.கே.எல். வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்குமாடிகளில் கூட்டு நிர்வாகக் குழு கிடையாது. அங்கே பம்ப் பழுதானால் புகார் நேராக டி.பி.கே.எல்.-க்கு.

வாடகைக்கு இருப்பவருக்குத் தனி எச்சரிக்கை. பில் வீட்டுக்காரரிடம் இருக்கும், கணக்கு எண் உங்களிடம் இருக்காது. இன்றைக்கே ஒரு பழைய பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலாய் அறிவிப்பில் என்ன சொல் போட்டிருக்கிறது

"சாத்துவான்" என்றால் பங்கீடு, அட்டவணை இருக்கும். "காங்குவான்" என்றால் தடை. குழாய் உடைந்திருக்கலாம், ஆலை நின்றிருக்கலாம். "தெக்கானான் ரெண்டா" என்றால் அழுத்தம் குறைவு. இந்த மூன்றாவதுதான் ஏமாற்றும் சொல். மேட்டுப் பகுதியில், குழாயின் கடைக்கோடியில், தொட்டி இல்லாத கடைவீட்டு மாடியில் இருப்பவருக்குக் குறைந்த அழுத்தம் என்றால் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். ஆனால் தடைப் பட்டியலில் உங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர் இருக்காது, லோரியும் தானாக வராது. நீங்கள் புகார் செய்தால்தான் உங்கள் தெரு பட்டியலில் ஏறும். அழைத்தவுடன் புகார் எண் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார், செய்யாத புகார். ஸ்பானுக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

தண்ணீர் லோரி

மருத்துவமனைகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் முன்னுரிமை. அது சரிதான், அதில் சண்டைக்கு இடமில்லை. வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்பவர், படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டில் இருந்தால் அதை அழைப்பின் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

லோரி வரும், ஆனால் எங்கே நிற்கும்? கனரக வண்டி திரும்ப முடியாத சந்து, உயரத் தடுப்பு வைத்த நுழைவாயில் என்றால் வெளியே பெரிய சாலையில்தான் நிற்கும். கணக்கையும் பாருங்கள். 10,000 லிட்டர் லோரி 300 வீட்டுக்கு வந்தால் வீட்டுக்கு 33 லிட்டர். முதலில் வந்தவர் பெரிய டிரம்மை நிரப்பினால் கடைசி ஐம்பது பேருக்குக் காற்றுதான். வீட்டுக்கு இத்தனை வாளி என்று நிர்வாகமோ குடியிருப்போர் சங்கமோ முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். 20 லிட்டர் வாளியின் எடை 20 கிலோ. லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அதை யார் தூக்குவது என்பதும் அந்த முடிவில் சேர வேண்டும்.

இலவச 20 கன மீட்டர்

இதில்தான் ஏமாற்றம் அதிகம். 2008-இல் சிலாங்கூர் மாநில அரசு வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் இலவசமாகக் கொடுத்தது. அந்த நினைவு இன்னும் பலரிடம் இருக்கிறது. 2020 மார்ச் முதல் அது எல்லோருக்கும் இல்லை. ஸ்கிம் ஆயர் டாருல் ஏசான் என்ற பெயரில், அப்போது குடும்ப வருமானம் 4,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. வரம்பு பிறகு உயர்த்தப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் வரம்பைக் கவுண்டரில் கேளுங்கள், பழைய துண்டுப் பிரசுரத்தை நம்பாதீர்கள்.

இரண்டு பொறிகள். ஒன்று, எல்லை. இது சிலாங்கூர் மாநிலத்தின் பணம். தண்ணீர் அதே அணையிலிருந்து வந்தாலும், பில் அதே நிறுவனத்திடமிருந்து வந்தாலும், கோலாலம்பூர் முகவரிக்குக் கிடையாது. செராஸில் இது தலைவலி. அஞ்சல் குறியீடு 56100 என்றால் கோலாலம்பூர், 43200 என்றால் சிலாங்கூர். இரண்டு பேரும் "செராஸ்" என்றுதான் சொல்வார்கள். கவுண்டருக்கு லீவு போட்டுப் போகும் முன் பில்லில் இருக்கும் முகவரியைப் பாருங்கள். இரண்டாவது, குடும்ப வருமானம் என்றால் உங்கள் சம்பளம் மட்டும் இல்லை. ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கும் மகனின் சம்பளமும் சேரும். அதை எழுதாமல் விட்டுப் பின்னால் மாட்டிக்கொள்வதைவிட, முதலிலேயே கூட்டிப் பார்த்துவிட்டு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது மேல்.

பங்கீடு முடிந்தபின் வரும் பில்

தண்ணீர் பாதி நாள்தான் வந்தது, பில் ஏன் கூடியது? பெரும்பாலும் இரண்டு காரணம். தண்ணீர் வராத நேரத்தில் திறந்து பார்த்து மூட மறந்த குழாய். இன்னொன்று, மண்ணும் துருவும் சிக்கி மூடாமல் போன மிதவை வால்வு. நிமிடத்துக்கு 5 லிட்டர் வழிந்தால் ஒரு இரவில், 6 மணி நேரத்தில், 1,800 லிட்டர் போகும். இரண்டு நாள் சுழற்சியில் மாதத்துக்கு ஏழு முறை தண்ணீர் திரும்பி வருகிறது. ஏழு இரவும் வழிந்தால் ஏறக்குறைய 12.6 கன மீட்டர். கட்டணம் 20, 35 கன மீட்டர் என்று படிப்படியாக ஏறுவது. ஐந்து பேர் குடும்பம் ஆளுக்கு 230 லிட்டர் பயன்படுத்தினாலே மாதம் 34.5 கன மீட்டர், எல்லைக்கோட்டில் நிற்கிறது. வால்வு ஒரு வாரம் கசிந்தால் கோட்டைத் தாண்டி, மேல் படி விலை. தண்ணீர் திரும்பிய அன்று தொட்டி வழியும் குழாயை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

திரும்பி வரும் முதல் தண்ணீர் பழுப்பாக வரும். அதைத் தொட்டிக்கு விடாதீர்கள். தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, வாசல் குழாயைத் தெளியும் வரை ஓடவிட்டு, பிறகு திறங்கள். ஓடவிட்ட தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம்.

சேர்த்து வைத்த தண்ணீருக்கு அபராதம்

200 கேலன் தொட்டி என்பது ஏறக்குறைய 909 லிட்டர். ஐந்து பேர் வழக்கம்போல் குளித்துத் துவைத்தால் ஒரு நாளே தாங்காது. ஆளுக்கு 90 லிட்டர் என்று கட்டினால் இரண்டு நாள் வரும். பலரும் அதற்காக டிரம் வாங்குகிறார்கள், மூடி வாங்குவதில்லை. பங்கீட்டுக் காலத்தில் சுகாதாரத் துறை சோதனைக்கு வராது என்று எண்ண வேண்டாம். கொசுப்புழு இருந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 500 வெள்ளி வரை சம்மன். "தண்ணீர் இல்லாமல்தானே பிடித்து வைத்தோம்" என்று சொன்னால் அதிகாரி தலையாட்டிக்கொண்டே சம்மனை எழுதுவார்.

இறுக்கமான மூடி போதும். மூடி இல்லாத டிரம்முக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். காலியானதும் உள் சுவரை, முக்கியமாகத் தண்ணீர் நின்ற விளிம்பை, பிரஷ் போட்டுத் தேயுங்கள். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பங்கீடு முடிந்து டிரம்மைக் கொல்லையில் கவிழ்க்காமல் போட்டு, மழைத் தண்ணீர் தேங்கியபின் வரும் சம்மன்தான் மிகவும் எரிச்சலானது.