வாவி பக்கத்தில் இருந்தால் கச்சான் காற்று சுடாதா?

இந்தச் சிறுபோகத்திலும், அதாவது கோடை நெற்செய்கையிலும், அதே கதைதான். மட்டக்களப்பு வாவியோரத்து வவுணதீவுப் பக்கம் ஒரு தம்பி நாலைந்து நெற்கதிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து, "சேர், இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்றார். கதிர் தலை சாயாமல் விறைத்து நின்றது. நகத்தால் நசுக்கினால் பாலும் இல்லை, அரிசியும் இல்லை, வெறும் உமி. கழுத்துக் கறுக்கவில்லை, இழுத்தால் கழன்றும் வரவில்லை. ஆகவே எரிபந்த நோயும் இல்லை, தண்டு துளைப்பான் புழுவும் இல்லை. பூக்கும் நேரத்தில் கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று சுட்ட பதர். இதற்கு மருந்து கிடையாது. (கடையில் கேட்டால் ஏதாவது ஒரு போத்தலைத் தருவார்கள், அது வேறு கதை.)

மே நடுப்பகுதியில் விதைத்திருக்கிறார், பூவும் கச்சானில் போய் மாட்டியிருக்கிறது. ஏன் இவ்வளவு பிந்தி என்றால், "வாவி பக்கத்திலதானே கிடக்கு, வெக்கை என்ன செய்யும்?" கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பெரிய ஏரி அக்கம்பக்கத்துக் காலநிலையை மாற்றும், உண்மைதான். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் பழத்தோட்டம் செழிப்பது அதனால்தான். ஆனால் அந்த ஏரியின் அதிகூடிய ஆழம் 281 மீற்றர். அங்கே மேற்குக் காற்று ஏரியைக் கடந்த பிறகுதான் தோட்டத்துக்கு வருகிறது. நம் வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடந்தாலும், பல இடங்களில் ஆள் இறங்கி நின்று வலை வீசும் ஆழம்தான். வெயிலில் அதுவும் சேர்ந்து சூடாகும்.

அதைவிடப் பெரிய விஷயம் திசை. கச்சான் மேற்கிலிருந்து வருகிறது. மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது காய்ந்து சூடேறி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயலைச் சுட்ட பிறகுதான் வாவியைத் தொடுகிறது. உங்கள் வயலைத் தாண்டியபின் அது குளிர்ந்தால் என்ன, குளிராவிட்டால் என்ன? கடற்காற்று வாவியைக் கடந்து வரும், சரி. அது பெரும்பாலும் பிற்பகல் சமாசாரம். நெல் பூ விரிவதோ காலை ஒன்பது, பத்து, பதினொரு மணிக்கு. அந்த நேரம் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும். கச்சான் பலமாக வீசும் நாளில் கடற்காற்றை எதிர்பார்த்துப் பிரயோசனமும் இல்லை.

அம்பாறைக்காரர் சிரிக்க வேண்டாம். சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளம் உங்களுக்கு மேற்கேதான் இருக்கிறது. ஆனால் அதன் அணைக்கட்டு இருக்கும் இங்கினியாகலையில் பட்ட ஈரம் அக்கரைப்பற்று வயல்வரை தாங்காது. அந்தக் குளத்தை வாய்க்கால் தண்ணீருக்கு நம்புங்கள், குளிர்மைக்கு நம்பாதீர்கள்.

போக ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானித்த திகதிக்குள் விதையுங்கள். பிந்திவிட்டதா, மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல்லைப் போடுங்கள், பூக்கும் நாள் கொஞ்சமாவது முந்தும். பூக்கும் வாரத்தில் வயலில் தண்ணீர் நிற்கட்டும். அதற்காகத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு சண்டை பிடித்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். தண்ணீர் போதாதென்று வாவியில் மோட்டர் வைத்து இறைக்காதீர்கள், கோடையில் அது உவர். பதரான வயலுக்கு மருந்தும் அடிக்காதீர்கள், தயவுசெய்து.