பிறந்தநாள் கேலெண்டரில் வரவில்லையா? தொடர்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள்

"எல்லாருடைய பிறந்தநாளையும் போட்டு வைத்தேன் தம்பி, கேலெண்டரில் ஒன்றையும் காணோமே?" கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொண்டுவருபவர்கள் போகிற போக்கில் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் கேலெண்டரில் கோளாறு இருக்காது.

தொடர்புகளின் பிறந்தநாளைக் கேலெண்டர் தானாக வைத்திருப்பதில்லை. தொடர்புப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் உள்ள பிறந்தநாள் கட்டத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அந்தப் பெயர் சிம் கார்டில் சேமிக்கப்பட்டிருந்தால் தேதி எழுத அங்கே இடமே கிடையாது. கைப்பேசியின் நினைவகத்தில் மட்டும் இருந்தால் தேதி பத்திரமாக இருக்கும். ஆனால் கூகுள் கேலெண்டரின் கண்ணில் படாது. கூகுள் கணக்கில் சேமித்த தொடர்புகளைத்தான் அது பார்க்கும்.

ஆகவே ஒரே ஒரு பெயரைத் திறந்து, திருத்தும் பக்கத்துக்குப் போங்கள். எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று அங்கேயே தெரியும். பட்டன் போனிலிருந்து மாறியவர்களுக்குப் பெரும்பாலும் 'சிம்' என்றுதான் இருக்கும். பெயர்களைக் கணக்குக்கு மாற்றி, தேதியைப் போட்டு, கேலெண்டரின் பக்கப் பட்டியலில் 'பிறந்தநாட்கள்' என்பதற்கு எதிரே குறி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உடனே வராவிட்டால் பதற வேண்டாம், ஒத்திசைய நேரம் பிடிக்கும்.

ஐபோனில் பிறந்தநாள் நினைவூட்டலுக்கெனத் தனி அமைப்பு இருக்கிறது: அன்று காலை 9 மணி, ஒரு நாள் முன்பு, இரண்டு நாள் முன்பு, ஒரு வாரம் முன்பு. ஒரு வாரத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். அன்றைக்கே தெரிந்தால் வாழ்த்து சொல்லலாம், புடவை எடுக்க நேரம் இருக்காது.

இதைவிட முக்கியமான ஒன்று: பிறந்த ஆண்டை எழுதாதீர்கள். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். வங்கிகள் அனுப்பும் அறிக்கைகள் பலவற்றைத் திறக்கவும் பிறந்த தேதி வேண்டும். டார்ச் அடிக்கும் செயலிகூடத் தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்கிற காலத்தில், சொந்தபந்தம் அத்தனை பேரின் முழுத் தேதியையும் அதில் அடுக்கி வைப்பானேன்? நாளும் மாதமும் போதும். ஆண்டை வெறுமையாக விட்டாலும் கூகுள் ஏற்றுக்கொள்ளும்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறும்போது மட்டும் ஒரு வேடிக்கை நடக்கலாம். ஆண்டு இல்லாத தேதியை ஆப்பிள் தன் தொடர்புக் கோப்பில் 1604 என்று குறித்து வைக்கிறது. அது லீப் ஆண்டு என்பதால் பிப்ரவரி 29-க்கும் இடம் உண்டு. புதிய செயலிக்கு இந்தக் குறிப்பு புரியாவிட்டால் உங்கள் மைத்துனருக்கு நானூறு வயது தாண்டிவிடும். ஆண்டை மட்டும் அழித்துவிட்டால் சரியாகிவிடும்.

எக்செல் பட்டியலிலிருந்து மொத்தமாக ஏற்றுபவர்கள், அதில் ஆண்டும் இருந்தால், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 04/07 என்று எழுதினால் ஜூலை 4, ஏப்ரல் 7 ஆகிவிடக்கூடும்.

நட்சத்திரப்படி பிறந்தநாள் கொண்டாடும் வீடுகளுக்கு மேலே சொன்ன எதுவும் பயன்படாது. ஆவணி ரோகிணி ஆண்டுதோறும் வெவ்வேறு ஆங்கிலத் தேதியில் வரும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் நாளைப் பார்த்து, 'ஆண்டுதோறும்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், அந்த ஒரு நாளுக்கு மட்டும் தனி நிகழ்வாகப் போட்டுக்கொள்ளுங்கள்.