நீளாத நூலில் நீளும் துணி

போட்டிருக்கும் டிஷர்ட்டின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். தாராளமாக நீளும். மேலும் கீழுமாக இழுங்கள், அவ்வளவு நீளாது. இப்போது பழைய டிஷர்ட் ஒன்றிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இரண்டு கையாலும் இழுங்கள். பருத்தி நூல் கிட்டத்தட்ட நீளவே நீளாது. கொஞ்சம் பலமாக இழுத்தால் அறுந்துவிடும். நீளாத நூலிலிருந்து நீளும் துணி எப்படி வந்தது?

டிஷர்ட் பின்னிய துணி. வேட்டியும் சேலையும் நெய்தவை. நெசவில் பாவும் ஊடும் குறுக்கும் நெடுக்குமாக ஏறக்குறைய நேராகக் கிடக்கின்றன. இழுத்தால் விசை நேரே நூலின்மேல் விழும், நூல் நீளாததால் துணியும் நீளாது. பின்னலில் நேராகக் கிடக்கும் நூல் என்று எதுவும் இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகப் போகிறது. ஒவ்வொரு கண்ணியும் முந்தைய வரிசையின் கண்ணிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. ஒரு வரிசை பின்னுவதற்கு, துணியின் அகலத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு நூல் வேண்டும் என்பது பின்னுகிறவர்கள் கைவசம் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கூடுதல் நூல் முழுவதும் வளைவுகளில் அடங்கியிருக்கிறது.

துணியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது கண்ணிகள் அகலமாகி, உயரம் குறைகின்றன. கண்ணியின் இரண்டு பக்கமும் நிற்கும் கால்களில் இருந்த நூல் மேலே வளையும் தலைக்கு நகர்கிறது. நூலின் நீளம் மாறவில்லை, வளைவின் வடிவம்தான் மாறியது. வளைந்த நூலை வேறு மாதிரி வளைக்க ஆற்றல் தேவை. கையை விட்டதும் அந்த ஆற்றலைக் கொண்டே துணி பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கிறது. 2018ல் பாரிஸ் இயற்பியலாளர்கள் நைலான் இழையில் பின்னிய துணியை இழுத்து அளந்து, இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் எளிமையானவை: நூலின் மொத்த நீளம் மாறாது, கண்ணிகள் கோத்திருக்கும் விதம் மாறாது, வளைப்பதற்கு ஆற்றல் செலவாகும். இவற்றை வைத்தே துணியின் நீட்சியைப் பெருமளவு கணிக்க முடிந்தது. பாட்டிமார் கைக்கு இது எப்போதோ தெரியும், சமன்பாடுதான் தாமதமாக வந்தது.

அந்தப் பழைய டிஷர்ட்டின் மடித்துத் தைத்த கீழ்விளிம்பைக் கத்தரித்துவிட்டு லேசாக இழுத்து விடுங்கள். வெட்டிய ஓரம் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பக்க ஓரத்தை நெடுக வெட்டினால் அது உள்பக்கமாகச் சுருளும். இதுவும் கண்ணியின் வேலைதான். கண்ணி தட்டையான வளையம் இல்லை. அதன் கால்கள் துணியின் முன்பக்கம் வருகின்றன, தலையும் அடியும் பின்பக்கம் போகின்றன. அப்படி முப்பரிமாணத்தில் வளைக்கப்பட்ட நூல் நிமிரப் பார்க்கிறது. எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்த்திருப்பதால் அந்தச் சின்னச் சின்ன முறுக்கங்கள் ஒன்றுசேர்ந்து ஓரத்தையே சுருட்டிவிடுகின்றன. புதிதாகப் பின்னப் பழகுகிறவர்கள் முதல் மஃப்ளரை இந்த வகையில் பின்னிவிட்டு, அது குழாயாகச் சுருண்டதும் இஸ்திரிப் பெட்டியைத் தேடுவார்கள். இஸ்திரி போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான்.

சுருளாமல் இருக்கக் கண்ணிகளைத் திருப்பி வைக்க வேண்டும். பின்னலில் அடிப்படையாக இரண்டே கண்ணிகள்: நிட், பர்ல். டிஷர்ட்டின் வெளிப்பக்கம் தெரிபவை நிட். உண்மையில் இரண்டும் ஒன்றேதான். நிட் கண்ணியைத் துணியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பர்ல். ஒரு வரிசை நிட், அடுத்த வரிசை பர்ல் என்று முன்பக்கத்தில் தெரியும்படி பின்னினால் அது கார்ட்டர். முறுக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் துணி தட்டையாகக் கிடக்கும். ஆனால் வரிசைகள் நெடுக்குவாக்கில் மடிந்து நெருங்கிவிடும், அதனால் நெடுக்கில் நன்றாக நீளும். வரிசைக்குப் பதிலாக நெடுக்குப் பத்தி பத்தியாக மாற்றினால் அது ரிப். பர்ல் பத்திகள் நிட் பத்திகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கின்றன. துணியின் பாதி அகலம் மடிப்பில் மறைந்து கிடக்கிறது. காலுறையின் மேல்பகுதி, டிஷர்ட்டின் கழுத்து, ஸ்வெட்டரின் மணிக்கட்டு எல்லாம் ரிப்பாக இருப்பதன் காரணம் இதுதான். இழுத்தால் முதலில் மடிப்பு விரியும், அதன் பிறகுதான் கண்ணி விரியும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் எலிசபெட்டா மாட்சுமோட்டோ என்ற இயற்பியலாளர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார். அவரே பின்னுகிறவர். 2024ல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வு நான்கு அடிப்படைப் பின்னல்களை இழுத்துப் பார்த்தது, கணினியிலும் உருவகப்படுத்தியது. நிட், பர்ல் வரிசைமாற்றம் ஒன்றை வைத்தே ஒரு துணி எங்கே விறைப்பாக, எங்கே நெகிழ்வாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கலாம் என்று அது காட்டுகிறது. பின்னல் வரைபடத்தை நிரல் மாதிரிப் பார்க்கிறார்கள். நிட், பர்ல் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்திருக்கும் பெண்மணியும் ஒரு வகையில் நிரல்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

சிங்கப்பூரில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்பவர்கள் இங்கே அலுவலகத்தில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். ஏர்கான் காற்று நேராகக் கழுத்தில் விழும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். தவிர, இங்கே பின்னுவதில் பெரும்பகுதி பரிசுதான். மெல்பர்னில் இருக்கும் பேரனுக்குத் தொப்பி, டிசம்பர் விடுமுறைக்குக் கொரியா போகும் மகளுக்கு மஃப்ளர், பக்கத்து புளோக்கில் பிறந்த குழந்தைக்குக் காலுறை. சைனாடவுனில் நூல் வாங்கப் போனால் கேள்வி ஒன்றுதான்: பருத்தியா, கம்பளியா, ஆக்ரிலிக்கா?

நீட்சியைக் கண்ணி கொடுக்கும் என்றால் எந்த நூலாக இருந்தால் என்ன? நீள்வதற்குச் சரி, திரும்பி வருவதற்கு நூல் உதவ வேண்டும். கம்பளி இழை இயற்கையிலேயே நெளிந்தது. அதன் உள்ளே கெரட்டின் என்ற புரதம் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறது. 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸில் ஆஸ்ட்பரி என்பவர் முடியையும் கம்பளியையும் நீட்டிவைத்து எக்ஸ்ரே எடுத்தபோது, நீட்டிய இழையில் மூலக்கூறின் அமைப்பே மாறியிருப்பதைக் கண்டார். சுருளின் சரியான வடிவத்தை 1951ல் அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் அவர் கூட்டாளிகளும் விளக்கினார்கள். இழுத்தால் விரிந்து, விட்டால் மீண்டும் சுருளும் இழை இது. பருத்தியில் அப்படி எதுவும் இல்லை. அது செல்லுலோஸ், இழைகள் நேராக விறைப்பாக இருக்கும். இழுபட்ட கண்ணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து பாதி வழியிலேயே நின்றுவிடும். போதாக்குறைக்குப் பருத்தி கம்பளியைவிட அடர்த்தி கூடியது. கையால் பின்னிய பருத்தி ஸ்வெட்டரை ஹேங்கரில் மாட்டினால் அதன் எடையே அதை முழங்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மடித்துத்தான் வைக்க வேண்டும். பருத்தியில் ரிப் பின்னும்போது ஊசியை இரண்டு அளவு சிறிதாக எடுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். கண்ணி சிறிதானால் நகர இடம் குறைவு.

ஊசியைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் பையில் இருப்பது கோபித்துக்கொள்ளும். எவர்சில்வர் ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும், வேகம் கிடைக்கும். மூங்கில் ஊசியின் உராய்வு அதிகம், பஸ் குலுங்கினாலும் கண்ணி கழன்று விழாது. வருடக்கணக்காகக் கை பட்டுப் பட்டு என் மூங்கில் ஊசி இப்போது நடுவாந்தரமாக வழுவழுப்பாகியிருக்கிறது. புதிதாக ஒரு ஜோடி வாங்கினாலும் கை அதைத்தான் தேடுகிறது.

பின்னி முடித்ததும் வேலை முடியவில்லை. துணியை நனைத்து, அளவுக்கு இழுத்து, குண்டூசி குத்தி உலரவிட வேண்டும். பிளாக்கிங் என்பார்கள். கம்பளியில் இது மாயம்போல் வேலை செய்யும். கெரட்டின் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் விட்டுக்கொடுக்கின்றன. காயும்போது புதிய இடத்தில் மீண்டும் பிடித்துக்கொள்கின்றன. நம் தலைமுடியும் கெரட்டின்தான். நேராக்கிவிட்டு வெளியே கிளம்பிய முடி தேக்காவுக்குப் போய்ச் சேர்வதற்குள் புசுபுசுவென்று ஆவதும் இதே பிணைப்புகளால்தான். ஆக்ரிலிக்குக்குத் தண்ணீர் போதாது, அது பிளாஸ்டிக். நீராவியின் சூட்டில்தான் இளகும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் துணி தொளதொளத்துப் போய் மீண்டும் நிமிராது.

இங்கே சிக்கல் உலரவைப்பதில்தான். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். கம்பளி தண்ணீரைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரி. 65 சதவீத ஈரப்பதத்தில், தொட்டால் உலர்ந்ததாகத் தெரியும்போதே, தன் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நீரை வைத்திருக்கும். பருத்தி அதில் பாதி, ஆக்ரிலிக் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே வீவக அடுக்குமாடி வீட்டில் பிளாக்கிங் செய்கிறவர்கள் ஏர்கான் அறையைத்தான் நம்புகிறார்கள். ஏர்கான் காற்றிலிருந்து நீரைப் பிழிந்து வெளியே விடும், மின்விசிறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பரிசைக் கையில் வாங்கியதும் இளம் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, இதை மெஷினில் போடலாமா?" பருத்தி என்றால் தயங்காமல் போடலாம், நனைந்தால் அதன் பலம் கூடவே செய்யும். கம்பளி இழையின் மேல்தோல் கூரை ஓடு வேய்ந்தது போல் செதில் செதிலாக, எல்லாம் நுனியைப் பார்த்தபடி இருக்கும். சூடும் சோப்பும் குலுக்கலும் சேர்ந்தால் இழைகள் ஒரு திசையில் நகரும், திரும்பி வரச் செதில் விடாது. நகர நகர இறுகி, கடைசியில் அரை அளவுக்குக் கெட்டியான கம்பளமாகிவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது. லேபிளில் சூப்பர்வாஷ் என்று இருந்தால் அந்தச் செதில்களைக் குளோரினால் மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தைக்குப் பின்னுவதாக இருந்தால் சூப்பர்வாஷோ பருத்தியோதான் என் தேர்வு. பெற்றவள் தூக்கமில்லாமல் இருக்கும் நாட்களில் கையால் துவைக்கச் சொல்வது நியாயமில்லை. நூல் லேபிளையும் பரிசோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கம்பளியைப் பத்திரமாக வைத்தும் ஒரு எதிரி உண்டு. அந்துப்பூச்சியின் புழு கெரட்டினைச் செரிக்கக்கூடிய சில உயிர்களில் ஒன்று. அதிலுள்ள கந்தகப் பிணைப்புகளை உடைக்கும் வசதி அதன் குடலில் இருக்கிறது. வியர்வையும் எண்ணெயும் படிந்த துணி அதற்குக் கூடுதல் ருசி, எனவே துவைத்து நன்றாக உலர்த்திய பிறகே அலமாரியில் வைக்க வேண்டும். அந்துருண்டையின் வாடை பிடிக்காதவர்கள் சால்வையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்த கையோடு பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை கட்டியபடியே வைத்திருங்கள். இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரம் அத்தனையும் அந்தக் குளிர்ந்த கம்பளியில் போய்ப் படியும், மறுபடியும் உலர்த்த வேண்டியிருக்கும்.