கேட் மோட்டார் பேட்டரிக்கு ஆகும், டேப்லெட்டுக்கு ஆகாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் மூன்று வகை பேட்டரிகள் இருக்கின்றன. வாசல் கேட் மோட்டாருக்குள் ஈய-அமில பேட்டரி ஒன்று. முறைவைத்துக் கரண்ட் நிறுத்தும் லோட் ஷெடிங் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரோடு லித்தியம் பேட்டரி ஒன்று. சமையலறை மேடையில் சார்ஜர் ஒயரைக் கழற்றாமலே சாய்த்து வைத்த டேப்லெட்டுக்குள் இன்னொன்று. மூன்றையும் நாம் ஒரே மாதிரிதான் நடத்துகிறோம்: கரண்ட் எப்போது போகுமோ, எப்போதும் நிறைந்தே இருக்கட்டும். முதல் பேட்டரிக்கு இது மருந்து. இரண்டாவதற்குப் பெரிய பாதகமில்லை. மூன்றாவது இதனாலேயே சீக்கிரம் தேய்கிறது.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். 2023-இல் தென்னாப்பிரிக்காவில் 300 நாட்களுக்கு மேல் லோட் ஷெடிங் இருந்தது. கரண்ட் வந்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் சார்ஜில் போட்டோம். 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதத்துக்கு மேல் லோட் ஷெடிங்கே இருக்கவில்லை. ஆனாலும் ஒயர் செருகினபடியே கிடக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையின் அறிவுரையும் இதற்குத் துணை. ஈய-அமில பேட்டரியை இறங்கிய நிலையில் விட்டால் அதன் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்படிகமாக உறைந்துவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. ஆகவே அதை நிறைத்தே வைக்க வேண்டும் என்று தாத்தாமார் சொன்னது முழுக்கச் சரி. டேப்லெட்டுக்குள் இருப்பது வேறு வேதியியல்.

சார்ஜரைச் செருகியே வைத்தால் மின்சாரம் ஏறிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பேட்டரி கெடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. நிறைந்ததும் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிடும். பெரும்பாலான டேப்லெட்டுகளில் அதன்பின் திரைக்கு வேண்டிய மின்சாரம் சார்ஜரிலிருந்தே நேராகப் போகும். பேட்டரி கொஞ்சம் இறங்கினால் மறுபடி மேலே ஏற்றிவிடும். ஆக, பேட்டரி நாள் முழுக்க உச்சியிலேயே நிற்கிறது. கெடுதல் அங்கேதான்.

லித்தியம் அயனி செல்லில் ஒரு முனை கிராஃபைட். மறுமுனை டேப்லெட்டுகளில் பெரும்பாலும் கோபால்ட் கலந்த ஆக்சைடு. இந்த ஆக்சைடு முனையை 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழு உருவாக்கியது. அடுத்த ஆண்டு பிரிட்டோரியாவிலிருந்து அங்கே போன மைக்கேல் தாக்கரி, குடினஃபோடு சேர்ந்து மாங்கனீசு ஆக்சைடு வகைக்கு வழி திறந்தார். உலகத்திலேயே அதிக மாங்கனீசு வெட்டியெடுக்கும் நம் தென்னாப்பிரிக்காவின் பிள்ளைகளுக்கு இதை யாராவது வகுப்பில் சொல்ல வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. பாதி சார்ஜில் செல்லின் மின்னழுத்தம் 3.8 வோல்ட் அருகே இருக்கும். முழுதாக ஏறினால் 4.2, இப்போது வரும் பல செல்களில் 4.35, 4.4 வரைகூட. அரை வோல்ட்தானே என்று தோன்றும். நடுவே அயனிகள் நீந்திக் கடக்கும் மின்பகுளி ஒரு கரிமத் திரவம்; அதன் தாங்கும் எல்லையே அந்த அரை வோல்ட்டில்தான் இருக்கிறது. லித்தியத்தை இழந்து நிற்கும் ஆக்சைடு அந்தத் திரவத்தை ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது, வாயுவும் உண்டாகிறது.

கிராஃபைட் பக்கம் நடப்பது வேறு. புது இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்து பதம் ஏறுவதுபோல, முதல் சார்ஜிலேயே மின்பகுளி சிதைந்து கிராஃபைட் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. அது அவசியமான படலம். அது மூடிக் காக்காவிட்டால் மின்பகுளி மேலும் மேலும் சிதைந்துகொண்டே போகும். ஆனால் கிராஃபைட்டில் லித்தியம் நிறைந்தே கிடக்கும்போது படலம் வேகமாகத் தடிக்கிறது. இரண்டு முனைகளுக்கும் இடையே போய்வர வேண்டிய லித்தியம் அதில் சிக்கிக்கொள்கிறது, சிக்கியது திரும்புவதில்லை. “முன்ன மாதிரி சார்ஜ் நிக்கல” என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இழப்பைத்தான்.

சூடு சேர்ந்தால் எல்லாம் வேகமாகும். சாதாரண லித்தியம் அயனி பேட்டரியை ஓராண்டு சும்மா வைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: 25 டிகிரியில் 40 சதவீத சார்ஜோடு வைத்தால் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும், முழு சார்ஜோடு வைத்தால் 80. அதையே 40 டிகிரியில் வைத்தால் 85, 65. டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், தடித்த ரப்பர் உறைக்குள் திரை எரிந்துகொண்டிருக்கும் டேப்லெட்டின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். அது கடைசிக் கணக்குக்கு அருகில்தான் வாழ்கிறது.

இன்வெர்ட்டர் பேட்டரி மட்டும் எப்படித் தப்பிக்கிறது? வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். நிறைந்து ஓய்ந்த நிலையில் அதன் செல் 3.4 வோல்ட்டைத் தாண்டாது, ஆகவே மின்பகுளிக்கு அத்தனை நெருக்கடி இல்லை. எடைக்கு ஏற்ற ஆற்றல் குறைவு என்பதால் மெல்லிய டேப்லெட்டுகளில் அதை வைப்பதில்லை.

செய்ய வேண்டியது எளிது. உங்கள் டேப்லெட்டின் பேட்டரி அமைப்பில் சார்ஜ் வரம்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாம்சங் டேப்லெட்டுகள் பலவற்றில் 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உண்டு. 2024-இல் வந்த ஐபேட் புரோ, ஐபேட் ஏர் மாடல்களிலும் 80 வரம்பு இருக்கிறது. நிறுத்தும் மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் குறைத்தாலே பேட்டரி தாங்கும் சுற்றுகள் (முழுதாக ஒருமுறை இறங்கி ஏறுவது ஒரு சுற்று) ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் கைக்கணக்கு. கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயமும் வேண்டாம். 10 அங்குல டேப்லெட்டின் பேட்டரி சுமார் 30 வாட்-மணி. அதில் 80 சதவீதம் 24. திரை 4 வாட் இழுத்தால் ஆறு மணி நேரம் வரும். இரண்டு மணி நேர லோட் ஷெடிங்கைத் தாராளமாகத் தாண்டலாம்.

வரம்பு வசதி இல்லாத பழைய டேப்லெட்டுக்கு, கீசருக்குப் போடுவதுபோல ப்ளக்கில் ஒரு டைமர் போடச் சொல்வார்கள். பெரும்பாலும் தூங்கிக் கிடந்து, எப்போதாவது வீடியோ கால் பேச எடுக்கும் டேப்லெட்டுக்கு அது நல்ல வழி. நாள் முழுக்கத் திரை எரியும் டேப்லெட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். 4 வாட் திரை மூன்று மணி நேரத்தில் 40 சதவீதத்தைக் காலி செய்யும்; 10 வாட் சார்ஜரில் 4 திரைக்குப் போக மிஞ்சும் 6 வாட்டால் அதைத் திரும்ப ஏற்ற இரண்டு மணி நேரம். இப்படி ஓடினால் தினமும் கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்று, ஆண்டுக்கு 700. உச்சியில் நிற்கும் தேய்மானத்தை விட்டு ஏறி இறங்கும் தேய்மானத்தைப் பிடித்த கதையாகும். கடை கவுண்டரிலும் கோயில் அலுவலகத்திலும் இருக்கும் அத்தகைய டேப்லெட்டுகளுக்கு வேறு செய்யலாம்: வெளிச்சத்தைக் குறைத்து, உறையைக் கழற்றி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். மாலையில் ஒயரைக் கழற்றி, பாதி சார்ஜ் இறங்கியதும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மாதம் ஒருமுறை பூஜ்யம் வரை இறக்கி ஏற்றும் பழைய வழக்கம் நிக்கல் பேட்டரிகளுக்கு உரியது, இதற்கு வேண்டாம்.

திரையின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தாலோ, மேசையில் வைத்தால் டேப்லெட் ஆடினாலோ, உள்ளே சேர்ந்த வாயு பேட்டரியை உப்பவைத்திருக்கிறது என்று பொருள். உடனே சார்ஜரைக் கழற்றி அணையுங்கள். திரையை அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள், எதையும் குத்தாதீர்கள். துணி, காகிதம் இல்லாத சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டு, பழுதுபார்க்கும் கடைக்காரரிடமோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ உப்பிய பேட்டரி என்று சொல்லிக் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போட வேண்டாம். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.